எர்ணாவூர் மாடியில் ஒரு விட்டில் இரவு, விடிந்ததும் எண்ணூர்க் கழிமுகம்

கொசஸ்தலைக்கரை | ஞாயிறு, மாலை 4:10

வடசென்னையில் பறவை பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. எல்லோரும் பள்ளிக்கரணை, வேடந்தாங்கல் என்று தெற்கே போகிறார்கள். நேற்று இரவும் இன்று காலையும் எங்கள் பக்கத்திலேயே பார்த்ததை எழுதி வைக்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

ஆவணி பிறந்தும் புழுக்கம் விடவில்லை. நேற்று பகலெல்லாம் அனல், சாயங்காலம் கடற்காற்றும் நின்றுவிட்டது. அமாவாசைக்கு இன்னும் ஒரு நாள். நிலா இல்லை, காற்று இல்லை, வெக்கை மட்டும் உண்டு என்றால் விளக்குக்கு வரும் விட்டில்களுக்கு, அதாவது அந்துப்பூச்சிகளுக்கு, அதைவிட நல்ல இரவு கிடையாது. மாடியில் துணி காயப்போடும் கம்பியில் அப்பாவின் பழைய வெள்ளை வேட்டியைக் கட்டி, அதன் முன்னால் புற ஊதா எல்.இ.டி. பட்டை ஒன்றைத் தொங்கவிட்டேன். மாடியின் இன்னொரு மூலையில் ஒரு விளக்குப்பொறி. 20 லிட்டர் பெயின்ட் பக்கெட், அதன் வாயில் ஒரு பெரிய புனல், புனலுக்கு மேல் ஒரு விளக்கு, பக்கெட்டுக்குள் முட்டைக் கடையில் கேட்டு வாங்கிய அட்டைகள். வெளிச்சத்துக்கு வரும் பூச்சி புனலில் வழுக்கி உள்ளே போய் அட்டைக் குழிகளில் ஒண்டிக்கொள்ளும். மருந்து எதுவும் கிடையாது. காலையில் எண்ணிவிட்டுத் திறந்துவிடுவதுதான்.

ஏழேகாலுக்கு முதலில் வந்தவை சின்னஞ்சிறியவை, கரும்பழுப்பு இறகில் குறுக்கே வெள்ளைப் பட்டை போட்டவை. கீரைப் பாத்தியில் இலையைச் சுருட்டித் தின்னும் புழுவின் தாய்ப்பூச்சி. எட்டரை மணி வரை அவைதான் அதிகம். அப்புறம் ஒரு சாம்பல் பூச்சி வேட்டியில் வந்து உட்கார்ந்தது. குச்சியால் மெதுவாக நகர்த்தினேன், பின்னிறகு தெரிந்தது. கறுப்பில் வெள்ளைப் பட்டை. ஆமணக்குக் காவடிப்புழுவின் பூச்சி. பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் வந்தது அன்றைய இரவின் ராஜா. பச்சையும் வெள்ளையும் இளஞ்சிவப்பும் பளிங்கு போலக் கலந்த இறகு, என் சுண்டுவிரல் நீளத்துக்கு உடம்பு. மாடியை நாலு சுற்று சுற்றி வேட்டியில் மோதி, தொட்டி ஓரத்தில் உட்கார்ந்து நடுங்கிக்கொண்டே இருந்தது. அரளிப் பூச்சி. பறப்பதற்கு முன் உடம்பைச் சூடாக்கிக்கொள்ளத்தான் அந்த நடுக்கம் என்று அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். "பாவம், குளிருதோ என்று நினைத்தேன்" என்றார்.

பதினோரு மணிக்கு மேல் இன்னொரு பெரிய விட்டில். சாம்பல் இறகு, வயிற்றின் இரு பக்கமும் இளஞ்சிவப்பில் கட்டம் கட்டமாகக் கோடு. கடற்கரை அடப்பங்கொடியைத் தின்று வளரும் இனம். அதோடு வெள்ளை இறகில் சிவப்பும் கறுப்புமாகப் பொட்டு வைத்த சின்னது ஒன்பது. நான் படுத்தபோது மணி ஒன்று.

காலை ஐந்தரைக்குப் போய்ப் பார்த்தால் எனக்கு முன்னாலேயே ஒரு கரிச்சான் வந்து கேபிள் கம்பியில் உட்கார்ந்திருந்தது. வேட்டியில் தங்கியிருந்தவற்றில் மூன்றை என் கண் முன்னாலேயே கொத்திக்கொண்டு போனது. சிவப்புப் பொட்டுக்காரியைத் தொடவே இல்லை. ஓடிப்போய் விளக்கை அணைத்துப் பக்கெட்டை மூடினேன். பொறியிலும் வேட்டியிலுமாக மொத்தம் 61 விட்டில்கள், நான் பிரித்தறிந்தது 23 வகை.

எண்ணி முடித்து மாடிச் சுவரில் சாய்ந்து கீழே பார்த்தேன். பக்கத்தில் பல வருடமாகக் காலியாகக் கிடக்கும் ஒரு மனை. முள்ளும் புதருமாக இருக்கிறது என்று தெருவே குறை சொல்லும் இடம். வேலி ஓரம் ஆமணக்கு நாலு செடி. நடுவில் மஞ்சள் பூவோடு கிலுகிலுப்பை. தேள்கொடுக்கு. வேலிக் கம்பி முழுக்கச் சீந்தில் கொடி. எதிர் வீட்டு வாசலில் அரளி. இரவு வேட்டிக்கு வந்தவர்களில் பலரின் புழுக்கள் தின்று வளரும் வீடுகள் அங்கேதான் இருந்தன. ஏழு வருடமாகப் பறவை பார்க்கிறேன், அந்த மனையை ஒரு நாளும் சரியாகப் பார்த்ததில்லை.

அப்புறம் பைக்கில் கழிமுகம். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. சேற்றுத் திட்டு சுருங்கச் சுருங்கப் பறவைகள் கரையை நெருங்கி வந்தன. நெடுங்கால் உள்ளான் 40-க்கு மேல், பவளக்கால் உள்ளான் 6, கூழைக்கடா 11, மஞ்சள் மூக்கு நாரை 4, மீசை ஆலா சில, மின்கம்பியில் இந்தப் பருவத்தின் முதல் தகைவிலான் இரண்டு. உப்புக்கொத்தி 30 இருக்கும், அதில் ஏழெட்டு வயிறு செங்கல் நிறம். படம் இணைத்திருக்கிறேன். தவறிருந்தால் சொல்லுங்கள்.

பால்பண்ணை மல்லி | ஞாயிறு, மாலை 5:02

அண்ணா, படித்து முடித்ததும் மாடிக்குப் போய் எங்கள் பக்கத்தில் என்ன செடி இருக்கிறது என்றுதான் பார்த்தேன். நான் மாதவரம் பால்பண்ணைக்குப் பக்கம். எங்கள் வீட்டு டியூப்லைட்டுக்கு வெள்ளை வெளேரென்று மெல்லிய பழுப்புக் கோடு போட்ட குட்டி விட்டில்கள் நிறைய வரும். ஏரிக்கரை வீடுகளில் இன்னும் அதிகம். அதன் புழு தண்ணீருக்குள் வாழும் என்று படித்தபோது நம்பவே முடியவில்லை. இலையைத் துண்டாக நறுக்கிக் குழல் மாதிரி கூண்டு கட்டிக்கொண்டு மிதக்குமாம். உடம்பெல்லாம் இழை இழையாகச் செவுள். விட்டிலின் பிள்ளைக்குச் செவுள்!

கரிச்சான் விஷயம் எனக்கும் உறுத்துகிறது. நாம் கூப்பிட்டு உட்கார வைத்து அதற்கு விருந்து வைத்தது போல ஆகிறதே. இதற்கு என்ன செய்கிறீர்கள்?

இரவு வக்கா | ஞாயிறு, இரவு 7:45

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். செங்கல் நிற வயிற்றுக்காரர்கள் உப்புக்கொத்தி இல்லை. உப்புக்கொத்திக்கு மூக்கு குட்டை, புறா மூக்கு மாதிரி. ஓடும், நிற்கும், குனிந்து ஒரு கொத்து, மறுபடி ஓடும். உங்கள் படத்தில் இருப்பவற்றுக்கு மூக்கு நீளம், நுனி கீழே வளைந்திருக்கிறது. தலையைத் தூக்காமல் சேற்றில் தையல் போடுவது போலக் குத்திக்கொண்டே போயிருக்குமே? அது மூக்கு வளைந்த உள்ளான். பக்கத்தில் சாம்பலாக இருக்கும் இருபதும் மணல்நிற உப்புக்கொத்திதான், அதில் சந்தேகமில்லை.

இந்தச் செங்கல் நிறத்துக்காகவே நான் ஆகஸ்டில் எண்ணூருக்கு வருகிறேன். சைபீரியாவின் வட துருவப் பக்கம் முட்டையிட்டுவிட்டுத் திரும்பும் உள்ளான்கள் இவை. முதலில் வருவது பெரியவை, கல்யாண உடை கலையாமல். குஞ்சுகள் தனியாக, பின்னால், வழிகாட்ட யாரும் இல்லாமல் வந்து சேரும். அக்டோபரில் போனால் எல்லாமே சாம்பலும் வெள்ளையுமாகிவிடும், அந்த நிறத்தை வைத்து அடையாளம் சொல்ல முடியாது. வலசை என்றால் மார்கழியில் கேமராவை எடுக்கிறோம். அந்தப் பறவைகள் ஆடியிலேயே வரத் தொடங்கிவிடுகின்றன.

மல்லி, கரிச்சானுக்கு வழி இருக்கிறது. அதற்கு நினைவு நல்லது, ஒரே மாடியில் தினமும் விளக்கு வைத்தால் மூன்றாம் நாள் காத்துக்கொண்டிருக்கும். அதனால் தினமும் வைக்கக்கூடாது. கிழக்கு வெளுப்பதற்கு முன்பே விளக்கை அணைத்துப் பொறியை மூடி நிழலில் வைத்துவிட வேண்டும். எண்ணிய பிறகு மொட்டை வெளியில் கொட்டாமல், அடர்ந்த செடியின் அடியில் அட்டையோடு சாய்த்து வையுங்கள். பொழுது சாய்ந்ததும் அவையே போய்விடும். சிவப்புப் பொட்டு விட்டிலைக் கரிச்சான் தொடாததற்குக் காரணம், கிலுகிலுப்பையின் நஞ்சு அதன் உடம்பில் அப்படியே தங்கிவிடுவது. அந்த நிறமே ஓர் எச்சரிக்கை.

மீஞ்சூர் வயல் | ஞாயிறு, இரவு 8:30

எங்களுக்கு விளக்குப்பொறி என்றால் வேறு அர்த்தம் தம்பி. சொர்ணவாரிப் பட்டத்து நெல்லை அறுத்து முடித்துச் சம்பாவுக்கு நாற்றங்கால் விட்டிருக்கிறோம். இப்போதே வயலோரம் ஒரு விளக்கு வைப்பேன், சாயங்காலம் ஆறு மணியிலிருந்து பத்து மணி வரை. வைக்கோல் மஞ்சளில், முன்னிறகுக்கு ஒரு கறுப்புப் பொட்டோடு வந்தால் அது குருத்துப்பூச்சியின் பெண். அது எத்தனை விழுகிறது என்று பார்த்துத்தான் மருந்து தேவையா இல்லையா என்று முடிவு செய்கிறேன். எண்ணாமல் அடித்தால் சிலந்தியும் தட்டானும் சேர்ந்து செத்துப்போகும், அடுத்த முறை புழு இரட்டிப்பாகும். இதை நான் பட்டுத்தான் கற்றேன்.

பத்து மணிக்கு மேல் விளக்கு எரிந்தால் எனக்குத் தேவையில்லாத பூச்சிகள்தான் விழுகின்றன. நீங்கள் விடிய விடிய வைப்பது சரியா என்று யோசியுங்கள்.

பழைய வண்ணை | ஞாயிறு, இரவு 9:20

எனக்கு எழுபது நெருங்குகிறது. கொருக்குப்பேட்டையில் நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது கல்யாண வீட்டில் பெட்ரோமாக்ஸ் ஏற்றினால் அதன் அடியில் காலை வரை விட்டில் குவிந்து கிடக்கும். மழைக்கு மறுநாள் ஈசல். இப்போது எங்கள் தெருவில் கம்பத்துக்குக் கம்பம் வெள்ளை விளக்கு எரிகிறது, அதன் கீழே பல்லிகூட இல்லை. எங்கே போயின என்று நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

சொல்லைப் பற்றி ஒன்று. அந்து என்றால் எங்கள் வீட்டில் அரிசிப் பானையிலிருந்து பறந்து வருவது. விளக்குக்கு வருவதுதான் விட்டில். சில ஊர்களில் வெட்டுக்கிளியையும் விட்டில் என்பார்கள், ஆகவே ஆய்வு எழுதுபவர்கள் அந்துப்பூச்சி என்று வைத்துக்கொள்ளட்டும். நம் பேச்சுக்கு விட்டில் போதும்.

மீஞ்சூர்க்காரர் கேட்டதையே நானும் கேட்கிறேன். விளக்கைச் சுற்றுகிற விட்டிலுக்குப் பெரும்பாலும் சில நாளோ சில வாரமோதான் வாழ்க்கை. துணையைத் தேட வேண்டிய இரவை நம் வேட்டியில் கழிக்கிறது. நாம் பார்க்கிற ஆசைக்கு அது நியாயமா?

இரவு வக்கா | ஞாயிறு, இரவு 10:05

ஐயா, நியாயமான கேள்வி. 2024-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அதிவேகக் கேமராவில் பூச்சிகள் விளக்கை எப்படிச் சுற்றுகின்றன என்று படம் பிடித்துப் பார்த்தார்கள். வெளிச்சத்தின் மேல் ஆசைப்பட்டு அவை வரவில்லை. இரவில் வானம்தான் பூமியைவிட வெளிச்சம், ஆகவே வெளிச்சம் இருக்கும் பக்கம் முதுகைக் காட்டினால் நேராகப் பறக்கலாம் என்பது கோடி வருடப் பழக்கம். நம் விளக்குக்கும் அதே போல முதுகைத் திருப்புகின்றன, அதனால் வட்டமடித்து மாட்டிக்கொள்கின்றன. விளக்குக்கு நேர் மேலே போனால் தலைகீழாகக் கவிழ்ந்து விழுகின்றன. "விளக்கில் விழும் விட்டில்" என்று காதலுக்கு உவமை சொல்லி வந்ததெல்லாம் பாவம், அவை வானம் எது என்று தெரியாமல் தவித்தது.

இதைப் படித்த பிறகு நான் பழக்கத்தை மாற்றிக்கொண்டேன். மாதத்தில் ஒரே இரவு, நான் கூடவே விழித்திருக்கும் மூன்று மணி நேரம், அப்புறம் அணைப்பு. படம், எண்ணிக்கை, நேரம் எழுதிக்கொள்கிறேன். அந்தப் பதிவு இல்லையென்றால், காலி மனை ஒன்றை அழிக்கும்போது அங்கே என்ன இருந்தது என்று சொல்ல நம்மிடம் ஒன்றும் இருக்காது. தெருவிளக்குகள் எல்லா இரவும் எரிகின்றன. என்னைக் கேட்டால் கவலைப்பட வேண்டியது அவற்றைப் பற்றித்தான்.

விளக்கே வேண்டாம் என்பவர்களுக்கு இன்னொரு வழி: அழுகிய வாழைப்பழத்தை வெல்லத்தோடு பிசைந்து இரண்டு நாள் புளிக்க வைத்து, மரத்தண்டில் பூசிவிட்டு டார்ச்சோடு போய்ப் பாருங்கள். இறகில் ஆந்தைக் கண் வரைந்த பெரிய விட்டில் விளக்கைவிட இதற்குத்தான் நன்றாக வரும்.

கொசஸ்தலைக்கரை | ஞாயிறு, இரவு 10:40

மூக்கு வளைந்த உள்ளான் திருத்தத்துக்கு நன்றி, குறிப்பேட்டில் மாற்றிவிட்டேன். தையல் போடுவது போல என்று நீங்கள் சொன்னதும் அந்த அசைவு அப்படியே நினைவுக்கு வந்தது.

ஐயா, நேற்று நான் ஒரு மணிக்குத் தூங்கப் போனது தவறுதான். அடுத்த முறை பத்தரைக்கு அணைத்துவிடுவேன்.

கண்டல் குப்பம் | திங்கள், காலை 6:15

கடலுக்குப் போய்விட்டு வந்து படித்தேன். நான் முகத்துவாரக்குப்பம் பக்கம். நீங்கள் தண்ணீர் ஏறும்போது வந்தது நல்லதாகப் போயிற்று. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் ஏற்றமும் பெரிது, வற்றமும் பெரிது. முழுக்க வற்றியிருக்கும்போது வந்தால் குருவிகள் எல்லாம் நடுத் திட்டில் பொட்டுப் பொட்டாகத்தான் தெரியும். விட்டிலுக்கு இருட்டு வேண்டும் என்கிறீர்கள், குருவிக்கு ஏற்றம் வேண்டும் என்கிறீர்கள், இரண்டும் ஒரே நாளில் கிடைக்கும் என்பது எனக்கும் புதிதாக இருந்தது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பின்னால் வெள்ளத்தோடு எண்ணெய் வந்ததே, அப்போது கண்டல் (அலையாத்தி) மரங்களின் அடியெல்லாம் கறுப்பு. கூழைக்கடாக்கள் எண்ணெய் ஒட்டிய இறகோடு உட்கார்ந்திருந்ததை நாங்கள் பார்த்தோம். வலையும் போச்சு, இறாலும் போச்சு. அதனால்தான் இந்த மாதம் கண்டல் இலைகள் சல்லடையாக ஓட்டை விழுந்திருப்பதைப் பார்த்ததும் மறுபடி ஏதோ விஷம் என்று பயந்துவிட்டோம். இலையைப் புரட்டினால் கறுத்த சின்னப் புழுக்கள் நூலில் தொங்குகின்றன. இது என்ன?

இரவு வக்கா | திங்கள், காலை 8:50

இலை வெண்கண்டலா? மேலே பச்சை, அடியில் வெளிறிய சாம்பல் நிறம் என்றால் அதுதான். தேக்கு மரத்தை இலையில்லாமல் மொட்டையடிக்கும் அந்துப்பூச்சி ஒன்று உண்டு, அதே இனம் வெண்கண்டலையும் தின்னும். மும்பைக் கரையில் கண்டல் காடே பழுப்பாகிப் பிறகு தானாகத் துளிர்த்திருக்கிறது. இலை போனாலும் குருத்தும் தண்டும் பச்சையாக இருக்கிறதா என்று பாருங்கள். பச்சையாக இருந்தால் பயப்பட வேண்டாம், யாரையும் மருந்து அடிக்க விடவும் வேண்டாம், அது நேராக இறாலுக்குத்தான் போகும். புழுவைக் கிட்டத்தில் வைத்துப் படம் ஒன்று எடுத்துப் போடுங்கள்.

கண்டல் குப்பம் | திங்கள், மாலை 5:30

வெண்கண்டல்தான். குருத்து பச்சையாக இருக்கிறது. ஒவ்வொரு மரத்திலும் மைனாவும் தவிட்டுக்குருவியும் கூட்டமாக இறங்கிப் புழுவைத் தின்றுகொண்டிருக்கின்றன, இன்று முதல் முறையாகக் கவனித்தேன். படம் நாளை போடுகிறேன்.

பால்பண்ணை மல்லி | செவ்வாய், இரவு 9:15

நேற்று இரவு நாங்களும் வைத்தோம்! வெள்ளைப் போர்வை, ஒன்பது மணிக்கு அணைத்துவிட்டோம். பிள்ளைகளுக்கு ஒரு வேடிக்கை காட்டினேன். போர்வையில் உட்காராமல் பறந்துகொண்டிருக்கும் விட்டில்களுக்குப் பக்கத்தில் சாவிக்கொத்தைக் குலுக்கினால் சில பட்டென்று இறகை மடக்கிக் கீழே விழும். வௌவால் எழுப்பும் ஒலி நம் காதுக்கு எட்டாது, பல விட்டில்களுக்குக் கேட்கும். சாவிகள் உரசும்போதும் அந்த மாதிரி ஒலி வருவதால் வௌவால் வந்துவிட்டது என்று விழுகின்றன. என் சின்ன மகள் இரண்டு தடவை செய்துவிட்டு, "அது பயப்படுதும்மா, போதும்" என்று சாவியை என்னிடம் கொடுத்துவிட்டாள்.

தண்ணீர்ப்புழுவின் விட்டில் 14 வந்தது. ஏரியில் அல்லி இருக்கும் பக்கத்து வீடு என்பதால் இருக்கும்.

கொசஸ்தலைக்கரை | வியாழன், காலை 7:40

ஒரு சங்கடமான செய்தி. காலி மனையைச் சுத்தம் செய்ய ஆள் வந்துவிட்டது. பொக்லைன் நிற்கிறது. மனைக்காரரிடம் போய்ப் பேசினேன். கொசு வருகிறது என்று தெருக்காரர்கள் புகார் கொடுத்ததாகச் சொன்னார். கொசு வளர்வது தேங்கிய தண்ணீரில், செடியில் இல்லை என்று எடுத்துச் சொல்லி, மூலையில் கிடந்த உடைந்த தொட்டியையும் டயரையும் காட்டினேன். அவற்றை நானே எடுத்துப் போடுகிறேன் என்றும் சொன்னேன். நடுவை வழித்துவிட்டார்கள், கிலுகிலுப்பை போய்விட்டது. வேலி ஓரம் இரண்டு அடி மட்டும் விடச் சம்மதித்தார். ஆமணக்கும் சீந்திலும் தப்பின.

வேலியிலிருந்து அறுந்து தொங்கிய சீந்தில் துண்டில் ஒரு புழு கிடைத்தது. கரும்பழுப்பு, பக்கவாட்டில் கண் வரைந்தது போல வட்டங்கள், தொட்டால் தலையை மடக்கிக்கொள்கிறது. டப்பாவில் வைத்திருக்கிறேன். வளர்ப்பது எப்படி?

மீஞ்சூர் வயல் | வியாழன், பகல் 1:10

கொய்யாவையும் சாத்துக்குடியையும் இரவில் துளைத்துச் சாறு குடிக்கும் பூச்சியின் புழு அது. தோட்டக்காரர்களுக்கு எதிரிதான், ஆனாலும் வளர்த்துப் பார்க்கிற ஆசைக்கு நான் குறுக்கே நிற்க மாட்டேன். தினமும் புதுச் சீந்தில் இலை வையுங்கள். வேறு இலை தராதீர்கள், பட்டினி கிடந்தாலும் தின்னாது. அடியில் செய்தித்தாள் விரித்து எச்சத்தைத் தினமும் மாற்றுங்கள், ஈரம் தங்கினால் பூஞ்சை பிடிக்கும். மூடியில் வலைத்துணி கட்டுங்கள். இலைகளைச் சேர்த்துத் தைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டால் அப்புறம் தொடவே கூடாது.

கொசஸ்தலைக்கரை | மூன்று வாரம் கழித்து, செவ்வாய், இரவு 9:25

ஐந்தாம் நாளே இலைகளைத் தைத்து உள்ளே போய்விட்டது. நேற்று வரை ஓர் அசைவும் இல்லை. இன்று எட்டரைக்கு வலைத்துணியில் ஏதோ உரசும் சத்தம். முன்னிறகு காய்ந்த இலை மாதிரி, நரம்பு உட்பட. இறகு காய்ந்து அது விரித்தபோது பின்னிறகு பளீரென்று ஆரஞ்சு, ஓரத்தில் கறுப்பு, நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி. புள்ளி உருண்டையாக இருக்கிறது. அவரைவிதை மாதிரி வளைந்திருந்தால் இன்னோர் இனம் என்று படித்தேன், இது உருண்டையேதான்.

மாடி விளக்கை எல்லாம் அணைத்துவிட்டு, டப்பாவைச் சீந்தில் வேலிக்குப் பக்கத்தில் கொண்டுபோய்த் திறந்து வைத்தேன். அம்மாவும் வந்தார். பத்து நிமிடம் நடுங்கிக்கொண்டிருந்தது, அப்புறம் வேலியைத் தாண்டி இருட்டுக்குள் போய்விட்டது. படம் இரண்டு இணைத்திருக்கிறேன். வரும் அமாவாசைக்கு யார் யார் வருகிறீர்கள் என்று சொல்லுங்கள். ஏற்ற நேரம் எப்போது என்று கண்டல் குப்பம் அண்ணன் சொன்னால் அதன்படி கழிமுகத்துக்குக் கிளம்புவோம்.